பாட்டையும் கிட்டாரையும் பிரிக்காதீர்கள்

வீட்டு அறையில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சொந்தப் பாட்டைப் பதிவு செய்யும் தம்பி, தங்கைகளுக்கு,

மிக்ஸிங் செய்து தரச் சொல்லி நீங்கள் அனுப்பும் பாட்டுகளைக் கேட்டு வயிறு வளர்ப்பவன் நான். அந்த உரிமையில் கொஞ்சம் குறை சொல்லலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். விடுதி அறையிலிருந்து அனுப்புகிறீர்கள். நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் ஞாயிறுதோறும் வாசிப்பவர்கள் அனுப்புகிறீர்கள். பகலில் ஐ.டி. வேலை, இரவில் பாட்டு என்று இருப்பவர்கள் அனுப்புகிறீர்கள். எங்கிருந்து வந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான். ஒரு ட்ராக்கில் கிட்டார், கிளிக் போட்டு வாசித்தது. இன்னொரு ட்ராக்கில் குரல், அந்தக் கிட்டாரை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு வேறொரு நாள் பாடியது. தனித்தனியே கேட்டால் இரண்டும் சுத்தம். சேர்த்து ஓடவிட்டால், முன்பின் தெரியாத இருவர் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இருவரும் ஒரே ஆள் என்பதுதான் வேடிக்கை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கிட்டாரை வாசித்துக்கொண்டே பாடுங்கள், அப்படியே பதியுங்கள். நீங்கள் ஊரில், கல்லூரி மேடையில், நண்பர்கள் நடுவில் எப்படிப் பாடுகிறீர்களோ அப்படி.

தனித்தனியாகப் பதியும் பழக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சினிமாவிலிருந்து வந்தது. நம்மூர் சினிமாவிலேயே அது பிற்பாடு வந்த பழக்கம். கிட்டார் கற்கும் எல்லோரும் ஒரு கட்டத்தில் முட்டிமோதும் ‘இளைய நிலா’ 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்தது. அந்தக் காலத்தில் கோடம்பாக்கத்தில் வாத்தியக்காரர்களும் பாடகரும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இசைத்துத்தான் பதிவு. பாடகர் கண்ணாடிக்குப் பின்னால் தனி அறையில் நின்றாலும் எல்லோருக்கும் மூச்சு ஒன்றாகத்தான் ஓடியது. பிறகு ட்ராக்குகள் பெருகின. வயலின் ஒரு நாள், புல்லாங்குழல் ஒரு நாள், பாடகர் ஊருக்கு வரும்போது குரல் என்று ஆனது. சினிமாவுக்கு அதில் நியாயம் இருக்கிறது. பாடகரை மாற்ற வேண்டிவரும், தெலுங்கில் ஒரு பதிப்பு வேண்டியிருக்கும், இயக்குநர் இடையிசையை நீட்டச் சொல்வார். உங்கள் பாட்டுக்கு இயக்குநர் யாரும் இல்லை. ஒரு குரல், ஆறு கம்பி. அதற்கு எதற்கு இத்தனை முன்னேற்பாடு?

பிரிப்பதால் எது போகிறது என்று சொல்கிறேன். வாசித்துக்கொண்டே பாடும்போது உங்கள் வலது கை உங்கள் மூச்சைப் பின்தொடர்கிறது. சரணம் தொடங்கும் முன் நீங்கள் மூச்சு இழுக்கும்போது கையும் ஒரு நூலிழை தாமதிக்கும். ஒரு வார்த்தையை நீட்டி, அதில் ஒரு சின்ன கமகம் போட்டால், கை தானாக மெலிந்து இடம் விடும். வரி முடிந்ததும் கட்டைவிரல் கொஞ்சம் அழுத்தமாக விழும். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. உடம்பு செய்கிறது. கிட்டாரை மட்டும் தனியே வாசிக்கும்போது இன்னொன்று நடக்கிறது, அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்: குரல் வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது, அந்தக் காலியிடம் உங்களைப் பயமுறுத்துகிறது, உடனே ஒரு ஸ்ட்ரோக் கூடுதலாகப் போட்டு நிரப்பிவிடுகிறீர்கள். எனக்கு வரும் கிட்டார் ட்ராக்குகளில் பாதிக்கு மேல் இந்த நோய்தான். பிறகு குரலைப் பதியும்போது அதற்கு உட்கார இடமில்லை. குரலைத் தூக்கு, கிட்டாரில் நடு அதிர்வெண்களை வெட்டு என்று நான் கத்தியை எடுக்க வேண்டியிருக்கிறது.

இது என் சொந்தச் சித்தாந்தம் என்று நினைக்க வேண்டாம். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் புதுப் பாட்டுகளைப் பதிந்தார். சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக் பதியும் ‘போர்ட்டாஸ்டுடியோ 144’ என்ற டியாக் நிறுவனப் பெட்டி, இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக். அவ்வளவுதான் கருவி. கிட்டாரை வாசித்துக்கொண்டே பாடினார். மீதி ட்ராக்குகளில் ஓர் ஒத்துக்குரலோ ஹார்மோனிக்காவோ சேர்த்தார். தன் குழுவினருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்காக எடுத்த மாதிரிப் பதிவுதான் அது. அதன் பிறகு குழுவோடு பெரிய ஸ்டுடியோவுக்குப் போய் அதே பாட்டுகளை முறையாகப் பதிந்து பார்த்தார்கள். சரிப்படவில்லை. உறைகூட இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு அவர் சுற்றிய அந்தக் கேசட்டே, அதே ஆண்டு செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. கேசட்டிலிருந்து இசைத்தட்டுக்கு மாற்றுவதற்குள் ஒலிப்பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள் என்பது தனிக்கதை.

அதற்கும் முன்னால், 1936 நவம்பரில், டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்தில் கன்டர் ஹோட்டல் அறையொன்றில் ராபர்ட் ஜான்சன் கிட்டாரோடு பாடிப் பதிந்தார். மறு ஆண்டு டாலஸில். இரண்டு அமர்வுகளிலும் சேர்த்து 29 பாட்டு, நேரே தட்டில் வெட்டியவை, பின்னால் திருத்த வழியே இல்லை. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினார் என்று சொல்வார்கள். கூச்சம் என்பது ஒரு கட்சி. சுவர் மூலையில் ஒலி திரண்டு வரும் என்பதால் வேண்டுமென்றே செய்தார் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. நம்மூரில் வீணை தனம்மாளும் வாசித்துக்கொண்டே பாடுவதற்குப் பேர்போனவர்தான். தந்தியும் தொண்டையும் ஒரே உடம்பிலிருந்து வருவதில் ஒரு சுகம் இருப்பது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். “லீக் ஆகுமே அண்ணா” என்பீர்கள். ஆகும். குரல் மைக்கில் கிட்டார் விழும், கிட்டார் மைக்கில் குரல் விழும். லீக் ஆவதால் பாட்டு கெடுவதில்லை. அது தாமதமாக விழுவதால்தான் கெடுகிறது. நம்மூர் வெக்கையில் ஒலி செகண்டுக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அதாவது 35 சென்டிமீட்டருக்கு 1 மில்லி செகண்ட். உங்கள் வாயிலிருந்து கிளம்பிய குரல், குரல் மைக்கைத் தொட்டு 1 மில்லி செகண்ட் கழித்துக் கிட்டார் மைக்கைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ், 1500, 2500 என்று வரிசையாக ஒன்றையொன்று தின்றுவிடும். குரலின் சதையெல்லாம் இருக்கும் இடம் அது. கேட்டால் குழாய்க்குள் இருந்து பாடுவது போல இருக்கும். “மைக் மட்டம் அண்ணா, புதுசு வாங்கணும்” என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த ஒலியைத்தான். மைக் பாவம்.

ஆகவே முதல் வழி, ஒரே மைக். ஒரு மைக்கில் தாமதச் சண்டை வரவே வராது. கண்டென்சர் மைக் ஒன்று, 48 வோல்ட் தரும் இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்காக இருக்கட்டும். உங்களிடமிருந்து 45, 50 சென்டிமீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்து, கழுத்தெலும்புக்குக் கீழே பார்க்கும்படி திருப்புங்கள். வாயிலிருந்து வரும் காற்று மைக்குக்கு மேலாகப் போய்விடும் என்பதால் ‘ப’கரம் வெடிக்கிற தொல்லை குறையும். பக்கவாட்டில் மைக் கிட்டாரின் 12ஆம் ஃப்ரெட் பக்கம் இருக்கட்டும். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் ‘பூம்’ என்று கீழ்க்கம்பிகள் எல்லாவற்றையும் விழுங்கும்.

ஒரு பல்லவி பாடிக் கேளுங்கள். கிட்டார் தூக்கலாக இருக்கிறதா? மைக்கை நான்கு விரற்கடை மேலே தூக்குங்கள். குரல் தூக்கலா? கீழே இறக்குங்கள். இரண்டுமே தூரமாகக் கேட்டால் அறைதான் அதிகம் பேசுகிறது, கொஞ்சம் முன்னே நகருங்கள். இந்த மைக் நகர்த்தும் வேலைக்கு ஒரு முழு மாலைப்பொழுதைக் கொடுங்கள். பதிந்து முடித்தபின் எந்த ஃபேடரும் இந்தச் சமநிலையை உங்களுக்குத் திருப்பித் தராது. சரியான இடம் கிடைத்ததும் ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் ஸ்டூலின் கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். நாளைக்குச் சரணத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டிவந்தால் அது காப்பாற்றும்.

என்ன செய்தாலும் கிட்டார்தான் முந்துகிறது என்றால் குற்றம் மைக்குடையது அல்ல. பெரிய உடம்புள்ள ட்ரெட்நாட் கிட்டாரில் கனமான பிக்கால் அடித்துக்கொண்டு, தலையணையில் முகம் புதைத்த மாதிரி மெல்லப் பாடினால் உலகத்தில் எந்த மைக்கும் குரலைக் காப்பாற்றாது. மெல்லிய பிக் எடுங்கள். அல்லது பிக்கையே வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் வருடுங்கள். குரலைக் கொஞ்சம் திறந்து பாடுங்கள். சுருதியையும் பாருங்கள். பிடித்த பாடகரின் கட்டையிலேயே பாட வேண்டும் என்று சட்டமா? கேப்போவை இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் உங்கள் தொண்டை திறக்கும் என்றால் நகர்த்துங்கள். மேடையில் மைக் இல்லாமல் எதிரே பத்துப் பேருக்குப் பாடினால் எப்படிச் சமன் செய்வீர்களோ, அதே சமன்தான் ஒற்றை மைக்குக்கும் வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், நேரில் பார்த்தால்தான் பிடிபடும். கார்டு மாறும்போது உங்கள் தலை இடது பக்கம் திரும்பி விரல்களைப் பார்க்கிறது. அந்த நொடியில் குரல் மைக்கை விட்டு விலகி மங்குகிறது. பதிவைக் கேட்டால் ஒவ்வொரு ‘பி மைனர்’ வரும்போதும் வார்த்தை மூழ்கியிருக்கும். ஒன்று, பார்க்காமல் பிடிக்கப் பழகுங்கள். முடியாவிட்டால் மைக்கை அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள்.

கையில் நல்ல மைக் இல்லாதவர்கள் போனிலேயே தொடங்கலாம். புத்தகங்களை அடுக்கி அதே இடத்தில், அதே உயரத்தில் போனை நிறுத்துங்கள். பேச்சுக்காகச் செய்த செயலிகளில் மட்டும் பதியாதீர்கள். கம்பியின் நீண்ட நாதத்தை இரைச்சல் என்று எண்ணி நசுக்கிவிடும்.

இரண்டு மைக் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு. மைக்குகளுக்கு இடையே உள்ள தூரம், ஒவ்வொரு மைக்குக்கும் அதன் ஒலிமூலத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்ற விதியைப் படித்திருப்பீர்கள். நல்ல விதிதான், ஆனால் அளவெடுத்துப் பாருங்கள். உட்கார்ந்து வாசிப்பவரின் வாய்க்கும் கிட்டாருக்கும் நடுவே சுமார் 45 சென்டிமீட்டர். மைக்குகளும் அதே இடைவெளியில் நின்றால், ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டருக்குள் ஒட்டி நிற்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் கார்டியாய்டு மைக் அடிநாதத்தை ஊதிப் பெருக்கும். கிட்டார் அண்டா மாதிரி முழங்கும். ஒரே ஆளுக்கு இந்த விதி சரியாகப் பொருந்தாது.

நான் எதிர்த்திசையில் போகச் சொல்வேன். இரண்டு மைக்கையும் தள்ளி வைக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி வையுங்கள். அப்போது எந்த ஒலியும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து தொடும், தாமதம் இருக்காது. பிரிவினையைத் திசை பார்த்துக்கொள்ளும். எட்டு வடிவத்தில் ஒலி வாங்கும் ஃபிகர்-எய்ட் மைக் இதற்கென்றே பிறந்தது. முன்னாலும் பின்னாலும் கேட்கும், பக்கவாட்டில் முழுச் செவிடு. வாய்க்கும் கிட்டாருக்கும் சம தூரமாக, ஒவ்வொன்றிலிருந்தும் 30 சென்டிமீட்டர் அளவில் இரண்டையும் நிறுத்துங்கள். மேல் மைக்கை வாயைப் பார்த்து நிமிர்த்தி, அதன் செவிட்டுப் பக்கம் கிட்டாரை நோக்கும்படி செய்யுங்கள். கீழ் மைக்கைக் கிட்டாரைப் பார்த்துக் குனியவிட்டு, அதன் செவிட்டுப் பக்கம் வாயை நோக்கட்டும். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு கிட்டாரை மட்டும் வாசித்து, மேல் மைக்கை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கிட்டார் சட்டென்று அமுங்கும். அங்கே திருகை முறுக்குங்கள். முதல் தடவை கேட்கும்போது மாயம் மாதிரிதான் இருக்கும். 1930களின் தொடக்கத்திலேயே ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயர், இப்படிப்பட்ட இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில் குறுக்காக வைத்து ஸ்டீரியோவுக்கு வழி கண்டார். நமக்கு வேண்டியது அதே கருவியின் இன்னொரு உபயோகம்.

கார்டியாய்டு மட்டும்தான் இருக்கிறதென்றால் அதன் செவிட்டுப் புள்ளி முதுகில் இருக்கிறது. குரல் மைக்கைத் தாடைக்குக் கொஞ்சம் கீழேயிருந்து மேல்நோக்கிச் சாய்த்தால் முதுகு கிட்டார் பக்கம் விழும். கிட்டார் மைக்கை மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்தால் முதுகு வாய்ப் பக்கம் விழும். ஃபிகர்-எய்ட் அளவுக்கு வராது, ஆனாலும் உதவும். இரண்டையும் கலந்து மோனோவில் கேட்டு, ஒன்றின் ஃபேஸ் பொத்தானைத் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் அடிநாதம் நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி.

கிட்டாரின் விலாவில் ஜாக் இருக்கிறதே, லைனில் போட்டுவிட்டால் லீக்கே இல்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிக்கப்பின் ஒலி பிளாஸ்டிக். அடியில் கொஞ்சம் கலந்துகொள்ளலாம், அதையே நம்பி ஒரு பாட்டை நிறுத்த முடியாது.

அறை. இதில்தான் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறீர்கள். முட்டை அட்டை ஒட்டுவதை நிறுத்துங்கள். அது உச்ச ஒலியைக் கொஞ்சம் கலைக்கும், அவ்வளவே. நம் வீடுகள் கான்கிரீட் கூரை, வழவழ டைல்ஸ், 10க்கு 10 சதுரம். சதுரம்தான் சிக்கல். 10 அடி அறையில் 57 ஹெர்ட்ஸ் அருகேயும் அதன் இரட்டிப்பான 114 அருகேயும் ஒலி நின்று சுழலும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொள்ளும். ஐந்தாம் கம்பியின் திறந்த ஒலி 110 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியை ஒட்டிய ஸ்வரங்கள் மட்டும் ஏன் உறுமுகின்றன என்று இப்போது புரியும். நட்டநடுவில் உட்காராதீர்கள். ராபர்ட் ஜான்சனின் மூலையும் உங்கள் அறைக்கு ஒத்துவராது. சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உட்காருங்கள்.

மெத்தையை எங்கே வைப்பது? மைக்குக்குப் பின்னால் சுவரில் மாட்டுகிறீர்கள். கார்டியாய்டு மைக் பார்ப்பதோ உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து விடுங்கள். காலடியில் ஜமக்காளம் ஒன்றை நாலாக மடித்துப் போடுங்கள். உங்களுக்கும் மைக்குக்கும் நடுவே மேசை வேண்டாம், அதில் பட்டுத் திரும்பும் ஒலியும் அதே தாமதக் கதைதான். லேப்டாப்பை எட்ட வைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பாதி ‘உம்ம்’ அதோடு போய்விடும். மீதி ‘உம்ம்’ எர்த் இல்லாத பிளக் பாயின்ட். அதற்கு எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

ஃபேனை நிறுத்த வேண்டும். வேறு வழியே கிடையாது. ஒன்றில் வைத்தாலும் காற்று மைக்கில் விழும். சத்தம் நீக்கும் மென்பொருள் ஃபேனோடு சேர்த்துக் கம்பியின் வாலையும் வெட்டும். ஏ.சி.யும் நிற்கட்டும். இரண்டு டேக் பாடுங்கள், ஃபேனைப் போட்டு வியர்வையைத் துடையுங்கள், மறுபடி உட்காருங்கள். அறை சூடேறும்போது கம்பி தளர்ந்து சுருதி இறங்கும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனரைப் பாருங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு மறுபடி போட மறந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பது. படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்பவர்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே போட்டுவைப்பார்கள். சாவி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதே.

நேரத்தை உங்கள் தெருதான் சொல்ல வேண்டும். விடியற்காலை அமைதி என்று நம்பி அலாரம் வைப்பவர்களுக்கு ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடும், சித்திரை வைகாசியில் குயில் வேறு. காலைத் தொண்டை கனத்தும் இருக்கும். குடியிருப்புத் தெருக்களில் மதியம் இரண்டரையிலிருந்து நான்கு நல்ல நேரம், பழைய இரும்பு வாங்கும் ஸ்பீக்கர் வண்டி வராத பட்சத்தில். தூரத்தில் குயிலோ சைக்கிள் மணியோ ஒரு தடவை விழுந்தால் விழட்டும். அதற்காக நல்ல டேக்கைத் தூக்கிப் போடாதீர்கள். குக்கர் விசில் என்றால் மட்டும் மறுபடி எடுங்கள்.

உடம்பிலும் சத்தம் இருக்கிறது. வளையலைக் கழற்றுங்கள். கைக்கடிகாரத்தையும். சட்டைப் பொத்தான் கிட்டாரின் முதுகில் ‘டக்’ என்று படுவது மைக்குக்கு மிருதங்கம் மாதிரி கேட்கும், அதனால் டி-ஷர்ட். சுழல் நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் முனகும், மர ஸ்டூல் முனகாது. பாட்டு வரிகளைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு நடுவில் புரட்டாதீர்கள். சொந்தப் பாட்டு, மனப்பாடம் ஆகாமல் ஏன் பதிகிறீர்கள்?

ஒரே மைக்கில் பதியும்போது ஹெட்ஃபோன் தேவையில்லை. கழற்றி வையுங்கள். காதை அடைத்துக்கொண்டு பாடினால் குரல் ஒன்று இறுகும், இல்லையென்றால் கிசுகிசுப்பாகும். கிளிக்கும் வேண்டாம். காலப்பிரமாணம் ஓடிவிடும் என்று பயமாக இருந்தால், தொடங்கும் முன் எட்டுத் தாள வட்டம் கிளிக்கைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். சரணத்தில் கொஞ்சம் வேகம் ஏறினால் ஏறட்டும், கேட்பவருக்கு அது தெரியாது. 24 பிட்டில் பதியுங்கள். மிகச் சத்தமான இடத்திலும் மீட்டர் மைனஸ் 10ஐத் தாண்ட வேண்டாம். பச்சையிலேயே இருக்கிறதே, குறைவாகப் பதிந்துவிட்டதோ என்று கவலைப்படத் தேவையில்லை.

முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை பாடுங்கள். வரி வரியாக நிறுத்தி ஒட்டும் பழக்கம் இங்கே செல்லாது. நான்கைந்து முழு டேக் எடுத்தால் ஒன்றில் உயிர் இருக்கும். அதில் இரண்டாவது சரணம் மட்டும் சொதப்பியிருந்தால் இன்னொரு டேக்கிலிருந்து அந்தச் சரணத்தை எடுத்து ஒட்டலாம். குரலும் கிட்டாரும் சேர்ந்தே வெட்டுப்படும் என்பதாலும், டேப் ஒட்டிய இடத்தை விட்டு நீங்கள் நகரவில்லை என்பதாலும் ஒட்டு தெரியாது.

பிறகு அதிகம் செய்யாதீர்கள். கிட்டாரின் கடைசிக் கம்பி 82 ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஆகவே கீழே வெட்டுவதாக இருந்தால் 70 அளவில் நிறுத்துங்கள். கம்ப்ரஸரைக் கடுமையாகப் போட்டால் குரல் ஓயும் இடமெல்லாம் கிட்டார் துள்ளி எழும். சுருதி திருத்தும் மென்பொருளை மறந்துவிடுங்கள். குரலை இழுத்தால் அதில் லீக் ஆகியிருக்கும் கிட்டாரும் கூடவே இழுபட்டு நாறும். உங்களில் பலர் பிரித்துப் பதிவதற்கு உண்மையான காரணம் இந்த மென்பொருள்தான் என்பது எனக்குத் தெரியும். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒரு ஸ்வரம் நூலளவு இறங்கிய குரலை மக்கள் தாங்கிக்கொள்வார்கள். இஸ்திரி போட்ட குரலைத்தான் இரண்டாம் தடவை கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

பிரித்துப் பதிந்தே ஆக வேண்டிய பாட்டுகளும் இருக்கின்றன. பின்னால் தபேலாவும் வயலினும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கிளிக்கும் தனி ட்ராக்கும் வேண்டும். கிட்டாரை வேறொருவர் வாசிக்கிறார் என்றால் தூரமாக உட்கார்ந்து இரண்டு மைக் வையுங்கள், மூன்று மடங்கு விதி அங்கே சரியாக வேலை செய்யும். விளம்பரத்துக்குப் பாடுகிறீர்கள் என்றால் கேட்டவர் சொல்படி செய்யுங்கள், சம்பளம் அவர் தருகிறார். உங்கள் சொந்தப் பாட்டு, உங்கள் கை, உங்கள் தொண்டை என்றால் பிரிக்கக் காரணம் ஒன்றும் இல்லை.

அடுத்த பாட்டை அனுப்பும்போது வழக்கமான இரண்டு கோப்புகளோடு, ஒரே மைக்கில் ஒன்றாகப் பாடிய முழு டேக் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்க மாட்டேன். கோப்புகள் இரண்டையும் சேர்த்து ஒரு தடவை, இந்த டேக்கை ஒரு தடவை என்று உங்கள் வீட்டில் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத யாராவது ஒருவருக்குப் போட்டுக் காட்டி, அவர் எதை மறுபடி போடச் சொன்னார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதையே மிக்ஸ் செய்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பாட்டுகளைக் கேட்கும் ஓர் ஒலிப்பதிவாளன்